ஊசிக்கு இருபது, மாத்திரைக்கு இருபது

1986-ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் யாருக்கு வெட்டை இருக்கிறது, யாருக்கு இல்லை என்று அடித்துச் சொல்லக்கூடிய ஆள் வெள்ளத்தாய். ஆனால் சொல்ல மாட்டாள். யார் கேட்டாலும், "சுகர் டெஸ்ட் பண்ணுதேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். அதனால் கல்யாண வீட்டுப் பந்தியில் பாயசம் வாங்கிய பெரியவர்கள் அவள் தலையைக் கண்டதும் அவசரமாக இலையை மூடினார்கள். இன்னும் சிலர் இலையை மூடக்கூட நேரமில்லாமல் ஆளே எழுந்து போனார்கள். அவர்களுக்குச் சுகர் இல்லை.

கூமாப்பட்டியில் விவசாயச் சம்சாரி வீட்டில் பிறந்து, மதுரையில் லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். கணவன் சுந்தரபாண்டியன் பால் சொசைட்டியில் பால் அளக்கிறவர். உலகத்தில் பாலால் தீராத வியாதி கிடையாது என்பது அவருடைய கட்சி. காய்ச்சலுக்குப் பால், தூக்கம் வராவிட்டால் பால், தூக்கம் கூடிப்போனாலும் பால். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் வெள்ளத்தாயும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டாள்.

அவள் வேலை பார்த்தது சேதுபதி டாக்டரின் கிளினிக்கில். வெளியே போர்டில் 'தோல் நோய் நிபுணர்' என்று மட்டும் இருக்கும். டாக்டருக்குக் காலையில் ராஜபாளையம், சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர். இரண்டு ஊரிலும் ஒவ்வொரு கிளினிக், ஒவ்வொரு மைக்ராஸ்கோப். ராஜபாளையத்து மைக்ராஸ்கோப்புக்கு ஆண்டிச்சாமி, இங்கே வெள்ளத்தாய். நடுவில் அரைமணி நேர பஸ் பயணம்.

அந்த பஸ் இருக்கிறதே, அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உள்ளூர் கிளினிக்கில் நுழைந்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆட்கள் ராஜபாளையத்துக்குப் போனார்கள். அதே பயத்தில் ராஜபாளையத்து ஆட்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தார்கள். தளவாய்புரம், தேவதானத்து ஆட்கள் எங்கே போனால் மறைவு என்று தெரியாமல் இரண்டு ஊருக்கும் மாறி மாறிப் போனார்கள். தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு ஒருவர் இறங்கும்போது, அதே மாதிரி துண்டோடு இன்னொருவர் ஏறுவார். "என்ன மாமா இந்தப் பக்கம்?" "முழங்கையில ஒரு படை மாப்ள. நீங்க?" "எனக்கும் படைதான் மாமா." இரண்டு பேரும் முழங்கையைச் சொறிந்துகொண்டே பிரிவார்கள்.

வந்தவர்கள் அத்தனை பேரும் முதலில் படை என்றுதான் ஆரம்பிப்பார்கள். டாக்டர் பொறுமையாக முழங்கையைப் பார்ப்பார். பிறகுதான், "கொஞ்சம் சூடு புடிச்சிருக்கு சார், ஒண்ணுக்குப் போனா கடுக்குது" என்று விஷயம் வெளியே வரும். டாக்டர் கொனோரியா என்று எழுதுவார். ஊர் அதை வெட்டை என்னும். வந்தவர்களுக்கு அது எப்போதும் சூடுதான். லாரி சீட்டின் சூடு, தறிக்கூடத்தின் சூடு, பித்தச் சூடு. கிருமி என்று சொன்னால் முகம் சுண்டிப்போகும்.

அந்தக் கிருமியைத்தான் வெள்ளத்தாய் தினமும் பார்த்தாள். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுச் சீழைத் தடவி, ஊதாச் சாயம், அயோடின், ஸ்பிரிட், கடைசியில் சிவப்புச் சாயம் என்று வரிசையாக ஊற்றிக் கழுவி, மைக்ராஸ்கோப்பில் வைத்துக் கண்ணைப் பதித்தால், சீழ் அணுக்களுக்குள் இரண்டிரண்டாக உட்கார்ந்திருக்கும். மொச்சைக் கொட்டை இரண்டை முகத்துக்கு முகம் வைத்தது போல, இளஞ்சிவப்பில். பார்க்க அழகாகவே இருக்கும் என்று அவளுக்கு ஓர் எண்ணம். அதையும் யாரிடமும் சொன்னதில்லை. தன் கண்ணைப் பற்றி மட்டும் அவளுக்குக் கொள்ளை கர்வம். "எங் கண்ணுக்குத் தப்பி ஒரு கொட்டை போவாது" என்பாள் பரிபூரணத்திடம்.

பரிபூரணம் அந்தக் கிளினிக் நர்ஸ். ஊசி போடுவது அவள். கை கனம், வாய் அதைவிடக் கனம்.

அந்த வருஷம் சேதுபதி டாக்டருக்கு ஓர் ஆசை பிறந்தது. மதுரையில் டாக்டர்கள் கூடும் மாநாட்டில் எழுந்து நின்று ஒரு கட்டுரை வாசிக்க வேண்டும். வெட்டைக்கு இரண்டு வைத்தியம் உண்டு. ஒன்று பென்சிலின் ஊசி. நாற்பத்தெட்டு லட்சம் யூனிட், இடுப்புக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால் போட்டுக்கொண்டவன் கோழி நடக்கிற மாதிரி ஒரு நாள் முழுக்க நடப்பான். இன்னொன்று டெட்ராசைக்ளின் மாத்திரை. நாலு வேளை, வேளைக்கு இரண்டு, ஏழு நாள். வலி இல்லை, ஆனால் ஞாபகமாக விழுங்க வேண்டும். இதில் எது நல்லது? ஊருக்கு நாற்பது பேர். இருபது பேருக்கு ஊசி, இருபது பேருக்கு மாத்திரை. பத்தாம் நாள் திரும்ப வரவழைத்து, மறுபடி சீழோ கசிவோ எடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். கொட்டை இல்லையென்றால் குணம். அவ்வளவுதான் கணக்கு.

யாருக்கு எது என்று டாக்டர் தீர்மானிக்கக் கூடாதாம், அது நியாயமில்லையாம். அதனால் மூடிய சீட்டுகளை ஒரு சட்டியில் போட்டுக் குலுக்கி எடுக்கச் சொன்னார். ராஜபாளையத்தில் சட்டென்று எடுத்துவிட்டுப் போனார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அது பூக்கட்டிப் பார்க்கிற சமாச்சாரம் ஆகிவிட்டது. கண்ணை மூடி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, வடக்கே கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்து முணுமுணுத்துவிட்டுத்தான் சட்டிக்குள் கைவிட்டார்கள். ஊசி வந்தவர்கள் உத்தரவு கிடைத்த பூரிப்பில் போனார்கள். "நாப்பத்தெட்டு லட்சம் எம்மேல ஏத்திருக்காவ!" என்று ஒரு டெம்போ டிரைவர் வாசலில் நின்று சொன்னான், நொண்டிக்கொண்டே. மாத்திரை வந்தவர்களுக்குத்தான் மனக்குறை.

"ஒரு ஊசியாவது போட்டு விடுங்கக்கா. சும்மா தண்ணி ஊசியாவது."

"ஏலே, சட்டி சொன்னது சொன்னதுதான்" என்பாள் பரிபூரணம். "வேணும்னா ஊசியக் காட்டுதேன், பாத்துட்டுப் போ."

அந்த மனக்குறையைத் தேற்றுவது வெள்ளத்தாயின் பொறுப்பு. மாத்திரை டப்பாவை எடுத்து எண்ணிக் கவரில் போட்டுக் கொடுப்பவள் அவள். ஒவ்வொருவரிடமும் அக்கறையாகச் சொன்னாள்: "இது கொஞ்சம் சூட்டு மாத்திரை. வேளைக்கு ஒரு டம்ளர் பசும்பாலோட சாப்பிடுங்க. வயித்தப் புரட்டாது, சூடும் தணியும்." கேட்டவர்களின் முகம் மலர்ந்தது. சூட்டு நோய்க்குக் குளிர்ச்சியாய் ஒரு பத்தியம் சொன்னால்தானே வைத்தியம் என்று ஒத்துக்கொள்ள முடியும்? பால் சொசைட்டியில் சாயங்கால வரிசை நீண்டது. "லாரிக்காரனெல்லாம் தூக்குச் சட்டியோட வந்து நிக்கான்! ஊரு திருந்திட்டுட்டீ!" என்று சுந்தரபாண்டியன் வீட்டில் குதியாய்க் குதித்தார்.

மூன்று மாதத்தில் இரண்டு ஊரிலும் நாற்பது நாற்பது பேரும் முடிந்தார்கள். இரண்டு ஊர் நோட்டையும் டாக்டர் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஊசி, ராஜபாளையத்தில் இருபதுக்குப் பத்தொன்பது குணம், இங்கே பதினெட்டு. பழுதில்லை. மாத்திரை, ராஜபாளையத்தில் இருபதுக்குப் பத்தொன்பது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பதினொன்று.

"பதினொண்ணா?" என்றார் டாக்டர்.

"பதினொண்ணுதான் சார். ஒன்பது பேருக்குப் பத்தாம் நாளும் கொட்டை இருந்துச்சு. அன்னைக்கன்னைக்கே சொல்லி, அம்புட்டுப் பேருக்கும் ஊசி போட்டு, இப்ப குணமாயிட்டு."

"ஒரே கம்பெனி மாத்திரை. ஒரே பெட்டியில வந்த டப்பாவத்தான் ரெண்டு ஊருக்கும் பிரிச்சுக் கொடுத்தேன். அங்க கேக்குது, இங்க கேக்கலையா?" டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "வெள்ளத்தாயி, கோவிச்சுக்காத. சாயத்த சரியாக் கழுவாட்டா எல்லாம் கொட்டை மாதிரிதான் தெரியும். நீ கண்ண எப்ப காட்டின?"

வெள்ளத்தாய்க்குக் காது இரண்டும் சிவந்தது. நிறம் ஏறியது சிவப்புச் சாயம் ஊற்றிய மாதிரி.

"அடுத்த ஞாயித்துக்கிழமை மதுரை மாநாடு. அதுக்குள்ள இது தெளியணும். உன் ரீடிங் தப்புன்னா, இனிமே ரெண்டு ஊரு ஸ்லைடையும் ஆண்டிச்சாமி பாக்கட்டும். நீ சுகர் டெஸ்ட் மட்டும் பாரு."

அதுவரை ஊரில் அவள் சொல்லி வந்த பொய் நிஜமாகப் போகிறது. அதை நினைக்கவே அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

மறுநாள் காலை அந்த ஒன்பது ஸ்லைடுகளையும் பஞ்சில் சுற்றி, டிபன் பாக்ஸில் வைத்து, மடியில் பிள்ளையை வைத்திருப்பது போல் வைத்துக்கொண்டு ராஜபாளையம் பஸ் ஏறினாள். துண்டு போர்த்திய ஒரு முகம் அவளைக் கண்டு ஜன்னல் பக்கம் திரும்பியது. டிபன் பாக்ஸைப் பார்த்த கண்டக்டர், "என்ன மதினி, மணமே இல்ல?" என்றான். "மொச்சைக் கொட்டைக் குழம்பு. ஆறிப்போச்சு" என்றாள்.

ஆண்டிச்சாமி நிதானமான மனிதர். ஸ்லைடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். வெள்ளத்தாய் சுவரில் ஒட்டி நின்று அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கு தங்கச்சி." அடுத்தது. "இதுலயும் இருக்கு." அடுத்தது. "அம்மாடி, இதுல திருவிழாக் கூட்டமே இருக்கு."

ஒன்பதும் இருந்தது. சாயம் சுத்தம், ரீடிங் சுத்தம். வெள்ளத்தாய்க்கு அந்தச் சின்ன அறை தட்டாமாலை சுற்றியது. ஆண்டிச்சாமி காலில் விழுந்து கும்பிடலாமா, மைக்ராஸ்கோப்பைக் கட்டிக்கொள்ளலாமா என்று தெரியாமல், வாஷ்பேசினில் குழாயைத் திறந்து முகத்தை மூன்று தடவை கழுவினாள். என் கண்ணு! என் ராசாத்திக் கண்ணு!

"செத்த நேரம் இரு, காப்பி வாங்கியாரச் சொல்லுதேன்" என்று ஆண்டிச்சாமி எழுந்தபோது மாத்திரை வாங்க ஓர் ஆள் வந்தான். அவர் எண்ணிக் கொடுத்துவிட்டு, விரலை நீட்டி, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார்: "வெறும் தண்ணியில முழுங்கணும். ஏழு நாளைக்குப் பால், மோர், தயிரு ஒண்ணும் கூடாது. பால் பட்டா மாத்திரை உடம்புல ஒட்டாது. என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லு."

வெள்ளத்தாயின் முகத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்க மறந்து நின்றாள்.

"அண்ணே, அது... ஒங்களுக்கு யாரு சொன்னது?"

"டப்பாக்குள்ள பொடி எழுத்துல ஒரு காயிதம் இருக்குமே தங்கச்சி. இங்கிலீஷ்ல. நீ படிக்கல?"

காப்பி வந்தது. பால் காப்பி. அவள் குடிக்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பும் அரைமணி நேரமும் அந்தக் காகிதம் எங்கே போயிற்று என்று யோசித்தாள். டப்பாவை முதல் நாள் உடைத்தது அவள்தான். எட்டாய் மடித்த காகிதம் ஒன்று விழுந்தது ஞாபகம் இருக்கிறது. எடுத்தாள். பிறகு? கிளினிக்கில் நுழைந்து மைக்ராஸ்கோப்பைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. அந்த மேஜைக்கு ஒரு கால் குட்டை. கை பட்டால் ஆடும், கொட்டையெல்லாம் கும்மியடிக்கும். பொருத்தமான கனத்தில் ஒரு காகிதம் கிடைத்ததே என்று அன்றைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டாள்! தரையில் உட்கார்ந்து, மேஜையைத் தோளால் தூக்கி, அடியிலிருந்து உருவினாள். பிரித்துப் படித்தாள். ஏழாவது வரியில் இருந்தது: பால் பொருள்களுடன் சாப்பிட வேண்டாம்.

இங்கிலீஷ் தெரியாதவள் என்றால் பரவாயில்லை. மதுரையில் போய்ப் படித்தவள். மூன்று மாதம் அந்தக் காகிதத்தின் மேல் நிற்கும் மேஜையில் உட்கார்ந்து, அதன் பலன்களை ஒவ்வொன்றாக எண்ணி நோட்டில் எழுதியிருக்கிறாள்.

"ஏட்டி, தரையில உக்காந்து என்ன சிரிப்பு?" என்றபடி பரிபூரணம் வந்தாள்.

"சிரிக்கலக்கா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கண்ணில் தண்ணீரும் நிற்கவில்லை. காகிதத்தை நீட்டி விஷயத்தைச் சொன்னாள்.

பரிபூரணம் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "மூச்சு விடாத. ஆண்டிச்சாமி ஸ்லைடு சரின்னுட்டாருல்ல? ஓம் பேரு நிலைச்சிட்டு. போதும்."

பேர் உண்மையிலேயே நிலைத்துவிட்டிருந்தது. சாயங்காலம் வந்த டாக்டர் அவளைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பினார். ஆண்டிச்சாமி காலையிலேயே சொல்லிவிட்டாராம். "உன் கண்ணச் சந்தேகப்பட்டது எந் தப்பு. அப்படின்னா இது என்ன தெரியுமா? இந்த ஊரு கிருமி வேற ரகம்! மாத்திரைக்கு மசியாத கிருமி! மதுரையில இதைச் சொன்னா அத்தனை பேரும் எந்திரிச்சு நிப்பான்!" டாக்டர் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கட்டுரைக்குப் புதுத் தலைப்பே வைத்துவிட்டார். இனிமேல் இந்த ஊரில் மாத்திரையே கிடையாது, எல்லாருக்கும் ஊசிதான் என்றார்.

பரிபூரணம் டாக்டருக்குப் பின்னால் நின்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

வெள்ளத்தாய் பேசாமல் இருந்திருக்கலாம். வேலை இருக்கும், கர்வம் இருக்கும். ஆனால் பென்சிலின் ஒத்துக்கொள்ளாமல் டெஸ்ட் ஊசியிலேயே கை தடித்து, மாத்திரைதான் வழி என்று போனவர்கள் மாதத்துக்கு ஒருவராவது உண்டு. அவர்களை இனி என்ன செய்வது? அந்த ஒன்பது பேரும் ஊசி போடும்வரை குணம் என்று நம்பித்தானே வீட்டில் இருந்திருப்பார்கள், வீட்டில் ஒன்பது பொம்பளைகள் இருக்கிறார்களே?

"சார், அது வேற ரகம் இல்ல" என்றாள். "இங்க வாரதுல பாதிப் பேரு ராஜபாளையத்துக்காரங்க. அங்க போறதுல பாதி நம்மூரு. பஸ்ஸுல தினம் பாக்கமே. கிருமி ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். இங்க வேறயா இருக்கது நான் மட்டுந்தான்."

"என்ன சொல்லுத?"

"எங் கண்ணு சரி சார். வாய்தான் தப்பு. அம்புட்டுப் பேரையும் பாலோட சாப்பிடச் சொன்னது நாந்தான்." காகிதத்தை மேஜையில் வைத்தாள். எட்டு மடிப்பின் நடுவிலும் மேஜைக் காலின் வட்டமான தடம் அழுத்தமாகப் பதிந்திருந்தது.

டாக்டர் படித்தார். திருப்பிப் படித்தார். தடத்தைத் தடவிப் பார்த்து, "இது என்ன வட்டம்?" என்றார். சொன்னாள். டாக்டரின் தோள் முதலில் குலுங்கியது. கோபம் என்றுதான் பரிபூரணம் நினைத்தாள். பிறகு தொந்தி குலுங்கியது. கடைசியில் மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். வெளியே படையோடு காத்திருந்த ஆறு பேரும் பயந்து எட்டிப் பார்த்தார்கள்.

சிரித்து ஓய்ந்ததும் முகம் மாறியது. "மாத்திரை எழுதினது நான். எப்படிச் சாப்பிடணும்னு சொல்ல வேண்டியவனும் நான். நீ சொல்லுவேன்னு விட்டுட்டேன்" என்றார். "மதுரைக்கு இந்த வருஷம் போகல. இங்க இன்னொரு இருபது பேருக்கு மாத்திரை கொடு. பாலு கூடாதுன்னு நீயே சொல்லு. அங்க மாதிரி இங்கயும் பத்தொன்பது வந்தா, அடுத்த வருஷம் ரெண்டு ஊரையும் வாசிப்பேன். மைக்ராஸ்கோப்பும் உனக்குத்தான். வரலன்னா, பேசினபடி சுகர் டெஸ்ட்."

இந்தத் தடவை வெள்ளத்தாய் சொன்ன மாதிரி யாரும் சொல்லியிருக்க முடியாது. பால் கூடாது, மோர் கூடாது, தயிர் கூடாது, திருப்பிச் சொல்லு. வருகிறவர் வீட்டுப் பொம்பளைக்கும் மாத்திரை, அவளுக்கும் அதே பாடம். பால் சொசைட்டியில் வரிசை சுருங்கியது. "எவளோ ஒருத்தி ஊருக்குள்ள பாலுக்கு விரோதமாப் பேசுதா" என்று சுந்தரபாண்டியன் சாப்பாட்டில் கைவைக்காமல் உட்கார்ந்திருந்தார். எவளோ ஒருத்தி அவருக்கு ரசம் ஊற்றினாள்.

ஒவ்வொருவராகப் பத்தாம் நாள் வந்தார்கள். ஒன்று, ஐந்து, பத்து, எல்லாம் சுத்தம். பன்னிரண்டாவது ஆளுக்குக் கொட்டை தெரிந்தது. விசாரித்தால் மூன்றாம் நாளே மாத்திரையைத் தொலைத்துவிட்டானாம். சரி, ஒன்று போயிற்று. அவனை விட்டால் பத்தொன்பதாவது ஆள்வரை பதினெட்டு பேர் குணம். கடைசி ஆள் தேவதானத்து லாரி டிரைவர் மலைச்சாமி. அவன் சுத்தமென்றால் பத்தொன்பது. டாக்டர், பரிபூரணம் இரண்டு பேரும் மைக்ராஸ்கோப்புக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்கள்.

வெள்ளத்தாய் கண்ணைப் பதித்தாள். இரண்டிரண்டாக, இளஞ்சிவப்பில், முகத்துக்கு முகம் பார்த்து உட்கார்ந்திருந்தன.

இல்லையென்று சொன்னால் யாருக்குத் தெரியும்? ஒரு நொடி அந்த நினைப்பு வந்தது. "இருக்கு சார்" என்றாள்.

மலைச்சாமியைக் கூப்பிட்டார்கள்.

"மாத்திரையெல்லாம் சாப்பிட்டியாலே?" என்றாள் பரிபூரணம்.

"ஒண்ணு விடாம."

"பாலு குடிச்சியா?"

"எம் புள்ள மேல ஆணையா இல்ல! கடுங்காப்பிதான். மோரு கூடத் தொடல. வீட்டுல தயிரு சட்டியைப் பக்கத்து வீட்டுல கொடுத்தாச்சு!" கண்ணைத் துடைக்கச் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுக்கப் போனான். கூடவே ஒரு வெள்ளை அட்டைப்பெட்டியின் முனை எட்டிப் பார்த்தது.

வெள்ளத்தாயின் கண்ணுக்குத் தப்பவில்லை. "அது என்னது?"

"பால்கோவா" என்றான் மலைச்சாமி. "மாத்திரை கசக்குதுல்லா, முழுங்கினதும் ஒரு வாய் போட்டுக்கிடுவேன்."

மூன்று பேரும் அவனையே பார்த்தார்கள்.

"பாலுதான வேண்டாம்னிய?" என்றான் அவன், பரிதாபமாக. "பால்கோவா வேண்டாம்னு யாரும் சொல்லலியே?"

முதலில் வெடித்தது பரிபூரணம். பிறகு டாக்டர். வெள்ளத்தாய் ஸ்டூலிலிருந்து நழுவித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். என்னவென்று புரியாமல், எல்லாரும் சிரிக்கிறார்களே என்று மலைச்சாமியும் சிரித்தான். கையில் ஊசியோடு பரிபூரணம் திரும்பி வரும்வரை சிரித்துக்கொண்டேயிருந்தான்.

"இவனையும் சேத்துக் கணக்கு எழுது" என்றார் டாக்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இருபதுக்குப் பதினெட்டு. பக்கத்துலயே காரணத்தையும் எழுது. இருக்கத இருக்குன்னு சொல்ற கண்ணு எனக்குப் போதும்."

அடுத்த வருஷம் மதுரையில் அவர் கட்டுரை வாசித்தார். சரியாகச் சாப்பிட்டால் ஊசியும் மாத்திரையும் ஏறக்குறைய சமம் என்பதுதான் முடிவு. யாரும் எழுந்து நிற்கவில்லை. ஆனால் பால்கோவா வந்த இடத்தில் மாநாடே சிரித்ததாகச் சொன்னார். தொண்ணூறுகளில் ஒரே வேளையில் விழுங்கும் புது மாத்திரை வந்தது. அதன் டப்பாவிலும் காகிதம் இருந்தது. வெள்ளத்தாய் முதலில் அதைத்தான் படித்தாள், அதிலும் பால் கூடாதென்றே இருந்தது. பழைய காகிதம் அதற்குள் தடத்தோடு கண்ணாடிச் சட்டத்துக்குள் போய் சுவரில் தொங்கியது.

மேஜைக்காலுக்கு வேறொன்று வேண்டியிருந்ததே? மலைச்சாமியின் பால்கோவாவை அன்றைக்கே மூன்று பேரும் தின்று தீர்த்தார்கள். அந்தப் பெட்டியின் அட்டையை இரண்டாய் மடித்துக் காலுக்கடியில் செருகினாள். அதன் கனம் கச்சிதம். அதற்குப் பிறகு அவள் மேஜை ஆடவேயில்லை.